துயரம் போதவில்லை

தான் இறந்துபோன செய்தி பதிவாளருக்கு ஒரு புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு, அவருடைய சொந்த அலுவலகத்தில், முறைப்படி கவுண்டர் வழியாகவே வந்து சேர்ந்தது.

மாமியாரின் இறப்பைப் பதிய வந்த ஓர் அம்மாள் படிவத்தைக் கண்ணாடித் தடுப்பின் கீழே நீட்டினாள். நீட்டிய கையை இழுத்துக்கொள்ளாமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சார், நீங்க தவறிட்டீங்கன்னு நேத்து டிவில சொன்னாங்களே."

பதிவாளர் நிமிரவில்லை. "எந்தத் தேதியில?" என்று கேட்டார். யார் தவறிவிட்டதாகச் சொன்னாலும் அவர் வாயில் முதலில் வருவது அந்தக் கேள்விதான். இருபத்தாறு வருடப் பழக்கம்.

"போன வருஷம்னு சொன்னாங்க. உங்க பொண்ணுதான் சொல்லிச்சு. உங்க போட்டோகூடப் போட்டாங்க, இதே நாற்காலியில உக்காந்திருக்கிற மாதிரி. நாங்க வீட்ல எல்லாரும் அழுதோம் சார். எங்க மாமியாருக்குக்கூட நான் அவ்வளவு அழல."

அப்போதுதான் அவர் பேனாவின் மூடியைத் திருகி மூடினார்.

பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் அவருக்கு 'ஸ்கேல்' என்று பெயர். முதுகு அப்படி. கையில் எப்போதும் ஒரு மர ஸ்கேலும் உண்டு. பதிவேட்டில் ஒரு வரியை எழுதி முடித்ததும் அதன் அடியில் கோடு போட்டுவிட்டுத்தான் அடுத்தவரைக் கூப்பிடுவார். பிறந்தவருக்கும் அதே கோடு, இறந்தவருக்கும் அதே கோடு. வீட்டு விஷயம் வாசற்படியைத் தாண்டக்கூடாது என்பது அவர் குடும்பத்தில் மூன்று தலைமுறைச் சட்டம். அவருடைய தகப்பனார் ஏழு மாதம் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது, அவர் வெளியூர் போயிருப்பதாகத்தான் பக்கத்து வீட்டுக்குத் தெரியும்.

அவரிடம் ஒரு வித்தையும் இருந்தது. உயிரோடு இருப்பவரைச் சாகடித்துவிட்டுச் சான்றிதழ் கேட்டு வருகிறவர்கள் எந்த ஊரிலும் உண்டு. அவர்களைப் பதிவாளர் ஒரே கேள்வியில் பிடித்துவிடுவார். பொய் சொல்ல வருகிறவனுக்கு நாள், கிழமை, மணி எல்லாம் மனப்பாடமாக இருக்கும். உண்மையாகப் பறிகொடுத்தவர்கள் தடுமாறுவார்கள். கிழமையை மாற்றிச் சொல்வார்கள். பெற்ற தாயின் வயதைக் கேட்டால் விரல்விட்டு எண்ணுவார்கள். தாங்கள் கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் போனவரின் பெயரை எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அலுவலகத்தைப் பற்றி அவர் வீட்டில் பேசுவது இது ஒன்றுதான்; அதுவும் சாப்பிடும்போது. பதினைந்து வயது மகள் தட்டைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருப்பாள். காதில் வாங்கினாளா என்று சொல்ல முடியாது.

ஏனென்றால் ஒரு வருடமாக அவள் அந்த வீட்டில் வேறு யாருக்கோ முன்னால் வாழ்ந்துகொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் போவதை 'என்னோட பயணம்' என்றாள். அம்மா சமையலுக்கு வாரக்கடைசியில் மதிப்பெண் அறிவித்தாள். யாராவது திட்டினால் உடனே அழமாட்டாள். கூடத்தின் மேல்மூலையை ஒரு கணம் பார்த்துவிட்டு, பிறகுதான் அழுவாள். பல்லி ஏதும் இருக்கிறதா என்று பதிவாளர் இரண்டு முறை ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்திருக்கிறார்.

அன்றைக்கு அவர் அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் மனைவி, மகள் சித்தி வீட்டுக்கு விடுமுறைக்குப் போயிருப்பதாக முதலில் சொன்னாள். போன வாரம் சொன்னதும் அதுதான். பிறகு புடவைத் தலைப்பில் முகத்தைத் துடைத்துக்கொண்டு உண்மையைச் சொன்னாள். 'கண்ணீர்க் குயில்கள்' என்று தொலைக்காட்சியில் ஒரு நிகழ்ச்சி. பதின்மூன்றிலிருந்து பதினேழு வயதுப் பிள்ளைகள் பாடுவார்கள். பாடி முடித்துத் தங்கள் துயரத்தைச் சொல்வார்கள். ஜனங்கள் ஓட்டுப் போடுவார்கள். பாட்டுப் போட்டி என்று நினைத்துத்தான் தான் கையெழுத்துப் போட்டதாகச் சொன்னாள்.

"உங்ககிட்ட சொன்னா விடுவீங்களா?"

நேற்று அதைப் பார்த்தாயா என்று கேட்டார். பார்த்தேன் என்றாள். பார்த்து என்ன செய்தாய் என்று கேட்டார்.

"அழுதேன்." அவள் குரல் இறங்கியது. "அவ அப்படிச் சொல்லும்போது வந்துடுச்சுங்க. நீங்க முன்னறையில பேப்பர் படிச்சிட்டு இருந்தீங்க. ஒரு தடவை எட்டிப் பார்த்துட்டு வந்துதான் மிச்சத்தைப் பார்த்தேன்."

பதிவாளர் ஆவணத்தைக் கேட்டார். மனைவி அலமாரியிலிருந்து இரண்டு படிவங்களைக் கொண்டுவந்து கொடுத்தாள். பெயர், வயது, பாடத் தெரிந்த பாடல்கள் எல்லாம் கேட்டுவிட்டு, கீழே தடித்த எழுத்தில் ஒரு கட்டம்: 'உங்கள் வாழ்வின் பெருந்துயரம். கட்டாயம் நிரப்பவும்.' முதல் படிவத்தில் மகள், எட்டாம் வகுப்பில் தன் தோழி வேறு பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாள் என்று எழுதியிருந்தாள். அதன்மேல் சிவப்பு முத்திரை: 'குரல் நன்று. துயரம் போதவில்லை.' இரண்டாவது படிவம் ஒரு வாரம் கழித்துப் போனது. அந்தக் கட்டத்தில் இரண்டே சொல். 'அப்பா காலமானார்.' எழுத்து அச்சு அசலாக அவருடைய எழுத்து. அடியில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தாள்.

மறுநாள் அவர் மகளைக் கூட்டிவரக் கிளம்பினார். காது திருகி இழுத்து வருவதாகத்தான் உத்தேசம்.

படப்பிடிப்பு நடந்த இடம் நகரத்துக்கு வெளியே ஒரு பழைய சரக்குக் கிடங்கு. வெளியே துருப்பிடித்த தகரம், உள்ளே குளிர்சாதனம். வாசலில் இருந்த காவலாளி மரியாதையாகப் பட்டியலை எடுத்து, பிள்ளையின் பெயரைக் கேட்டு, உறவைக் கேட்டார். அப்பா என்றார் பதிவாளர். காவலாளி விரலை வரியோடு நகர்த்திக்கொண்டே போய் நிறுத்தினார்.

"அவர் காலமாயிட்டார்னு போட்டிருக்கே சார்."

"அது நான்தான்."

"அப்படின்னா உள்ளே விட முடியாதே சார். போனவங்களுக்கு அட்டை கிடையாது." காவலாளி உண்மையாகவே வருத்தப்பட்டார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "பக்கத்து வீட்டுக்காரர்னு ஒரு அட்டை இருக்கு. அது வேணா தரட்டுமா?" என்றார்.

பதிவாளருக்கு அந்த மனிதரிடம் கோபம் வரவில்லை. பட்டியலில் உள்ளபடி நடப்பவர்கள்மேல் அவருக்கு எப்போதும் மதிப்பு உண்டு. கழுத்தில் 'பக்கத்து வீட்டுக்காரர்' என்ற அட்டையை மாட்டிக்கொண்டு உள்ளே போனார்.

நீண்ட நடைபாதையில், சுவரோரமாகப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். அவர் பதறிப்போய் நின்றார். ஒரு பெண்மணி கையில் நிறுத்துக் கடிகாரத்தோடு வரிசையைப் பார்த்துக்கொண்டு நடந்தாள். முதல் சொட்டு நாற்பது விநாடிக்குள் விழவேண்டும் என்பது விதியாம். அடுத்த அறையில் கைக்குட்டைகளை இஸ்திரி போட்டு அடுக்கியிருந்தார்கள். வெள்ளை நடுவர்களுக்கு, ஈரம் பட்டால் நன்றாகத் தெரியும். நீலம் உறவினர்களுக்கு. பயிற்சி முடித்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்த ஒரு சின்னப் பெண் அவரைப் பார்த்துச் சிரித்தாள். "எங்க வீடு எரிஞ்சுபோச்சு அங்கிள். உங்க வீட்ல என்ன?" என்றாள், எந்த வகுப்பு என்று கேட்பதுபோல.

அவரை வரவேற்றது துயரப் பிரிவின் பொறுப்பாளர். அப்படித்தான் கதவில் எழுதியிருந்தது. இருபத்தெட்டு வயது இருக்கலாம். நல்ல குடும்பத்துப் பெண் போலத்தான் இருந்தாள். அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, அவர் போனதற்குத் தன் அனுதாபத்தையும் தெரிவித்துக்கொண்டாள். பிறகு அவர் கோபத்தை முழுவதும் கேட்டாள். கேட்டுவிட்டு அமைதியாகச் சொன்னாள்.

"நாங்க பொய்யே சொல்றதில்ல சார். உண்மைதான் எங்க நிறுவனத்தோட முதல் கொள்கை. எல்லா அப்பாவும் ஒரு நாள் போகப்போறவங்கதானே? நாங்க தேதியை மட்டும் கொஞ்சம் முன்னால நகர்த்தியிருக்கோம்."

தேதியை நகர்த்துவதா என்று பதிவாளர் கேட்டார். அவருடைய அலுவலகத்தில் ஒரு தேதியை ஒரு நாள் நகர்த்துவதற்கே மூன்று சாட்சி வேண்டும்.

"நீங்க பழைய காலத்து ஆள் சார், தப்பா எடுத்துக்காதீங்க. முன்னெல்லாம் பிள்ளைங்களுக்கு அழவே தெரியாது. கதவைச் சாத்திக்கிட்டு, தலையணையில முகத்தைப் பொத்திக்கிட்டு, தனியா அழுதுட்டு வந்துடுவாங்க. யாருக்கு என்ன பிரயோஜனம்? ஒரு ஈ காக்கா பார்க்காது. நாங்க வந்துதான் அது வீணாப் போறதைத் தடுத்திருக்கோம்."

இதைச் சொல்லும்போது அவள் கண் கலங்கியது. தன் தொழிலில் உண்மையான பற்று உள்ளவள் என்பது தெரிந்தது. பிறகு அவர் மகளைப் புகழ ஆரம்பித்தாள். இந்தப் பிரிவே அவளால்தான் உருப்பட்டதாம். முன்பெல்லாம் பிள்ளைகள் துயரத்தை ஒப்பிப்பார்கள், ஜனங்கள் நம்புவதில்லை. உங்கள் மகள் வந்துதான் குறை எங்கே என்று காட்டினாள் என்றாள்.

"நிஜமா பறிகொடுத்தவங்க தடுமாறுவாங்க, கிழமையை மாத்திச் சொல்வாங்க, வயசு கேட்டா விரல்விட்டு எண்ணுவாங்கன்னு அவதான் சொன்னா. இப்போ எல்லாருக்கும் காலையில ஒரு மணி நேரம் தடுமாற்றப் பயிற்சி சார். எங்கே கத்துக்கிட்டேன்னு கேட்டேன். எங்க அப்பா சாப்பிடும்போது சொல்வார்னா."

பதிவாளர் தண்ணீர் தம்ளரைக் கீழே வைத்தார். வாங்கும்போது இருந்த தாகம் இப்போது இல்லை.

ஒளிப்பதிவு தொடங்கிவிட்டது, நடுவில் பிள்ளையைக் கூப்பிட முடியாது என்று சொல்லி, அவரைப் பார்வையாளர் வரிசையில் பக்கத்து வீட்டுக்காரருக்கான நாற்காலியில் உட்காரவைத்தார்கள். முன்னால் ஒருவன் பலகைகளை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டிருந்தான். 'கைதட்டல்.' 'மெல்லிய விம்மல்.' 'உச்சுக்கொட்டுதல்.' மேடையின் பின்சுவர் முழுக்கப் பதிவாளரின் புகைப்படம், கறுப்புச் சட்டம் போட்டு. தன்னை அத்தனை பெரிதாக அவர் பார்த்ததில்லை. காலர் கொஞ்சம் கசங்கியிருந்தது அவரை உறுத்தியது.

மகள் வந்து பாடினாள். நன்றாகப் பாடினாள். இத்தனை நல்ல குரல் தன் வீட்டுக்குள் எந்த மூலையில் இருந்தது என்று அவருக்கு விளங்கவில்லை. பாட்டு முடிந்ததும் நடுவர் வெள்ளைக் கைக்குட்டையை மடிமேல் எடுத்து வைத்துக்கொண்டு, அப்பாவைப் பற்றி ஏதாவது சொல்லும்மா என்றார்.

"எனக்கு ஏழு வயசு இருக்கும்போது," என்றாள் மகள், "இல்ல, ஆறு... ஆறு வயசு. அப்பா என்னை அவர் ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போனார். ஒரு பெரிய நோட்டைத் திறந்து ஒரு வரியைக் காட்டினார். 'இதுதான் நீ வந்த வரி'ன்னார். மத்த வரியெல்லாம் நீல மை. அது மட்டும் கறுப்பு. ஏன்ப்பான்னு கேட்டேன். 'உன் பேரை எழுத வந்தப்போ கை நடுங்கிடுச்சு. பேனா கீழே விழுந்து முள் உடைஞ்சுபோச்சு. பக்கத்து மேஜையில கடன் வாங்கி எழுதினேன்'ன்னார். அவர் எங்கிட்ட அவ்வளவு நேரம் பேசினது அன்னைக்கு ஒரு நாள்தான்."

அத்தனையும் உண்மை. நிஜ வயது ஏழுதான், ஆறு என்ற அந்தத் தடுமாற்றம் மட்டும் பயிற்சி. பதிவாளருக்கே அந்தக் கறுப்பு வரி மறந்துபோயிருந்தது. அவள் அதைத் தொட்டுப் பார்த்ததும், விரலில் மை ஒட்டுமோ என்று திருப்பிப் பார்த்ததும் இப்போது நினைவுக்கு வந்தன. உயிரோடு இருக்கும் தகப்பனிடம் ஒரு மகள் இதையெல்லாம் சொல்லப்போவதில்லை. செத்ததால்தான் கேட்கக் கிடைத்தது. அவர் முதுகு வளைந்தது. பலகையில் 'மெல்லிய விம்மல்' என்றுதான் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் அந்த அளவைத் தாண்டிவிட்டார்.

கேமரா திரும்பியது. மகளும் திரும்பினாள். அவரைப் பார்த்தாள். அடுத்த சொல் அவளுக்கு வரவில்லை. வாய் திறந்தது, மூடியது, கையிலிருந்த மைக் தாழ்ந்தது. ஓர் ஆறு ஏழு விநாடி அவள் வெறும் குழந்தையாக அங்கே நின்றாள்.

"நிறுத்துங்க," என்றது ஒலிபெருக்கியில் ஒரு குரல். "அந்த இடத்துல தடுமாற்றம் கிடையாதேம்மா. ரொம்பச் செயற்கையா இருக்கு. மறுபடி போவோம்."

மறுபடி போனார்கள். இரண்டாவது முறை அவள் ஆறு என்று தடுமாறி, மற்ற எல்லாவற்றையும் சரியாகச் சொல்லி, சரியான இடத்தில் அழுதாள். 'இடப்பக்கம் திரும்பும்மா, அந்தப் பக்கம்தான் வெளிச்சம் நல்லா விழுது' என்று குரல் சொன்னதும், அழுகை அறுபடாமல் முகத்தை இடப்பக்கம் திருப்பினாள்.

பிறகு ஒரு சின்ன அறையில் தகப்பனும் மகளும் சந்தித்தார்கள். காதைத் திருகுவதற்கு அங்கே வழியில்லை. காதில் ஒலிக்கருவியின் கம்பி மாட்டியிருந்தது. "ஏம்ப்பா வந்தீங்க?" என்றாள். அவர் வாயைத் திறப்பதற்குள், "நல்லா இருந்துச்சா?" என்று கேட்டாள். அவர் நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டார். அதற்குமேல் திட்ட முடியாமல் போயிற்று. இன்னும் மூன்று வாரம்தான், அதன் பிறகு நீங்கள் திரும்பி வந்துவிடலாம் என்று அவள் அவரைச் சமாதானப்படுத்தினாள்.

அந்தச் சமயத்தில் தலைமைத் தயாரிப்பாளர் உள்ளே வந்தார். செத்தவர் கவுண்டரில் உட்கார்ந்து முத்திரை குத்துவதை யாரோ படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பிவிட்டார்கள். போட்டிச் சேனல் ஒன்று அதை வைத்து நேற்றிலிருந்து சிரிக்கிறது. வரும் சனிக்கிழமை இதற்கென்றே 'உண்மை மேடை' என்று ஒரு தனி நிகழ்ச்சி வைக்கப்போகிறார்கள். அதில் காட்டுவதற்கு ஒரே ஒரு சான்றிதழ் போதும் என்றார்.

"உங்க ஆபீஸ், உங்க பேனா. வெளியாளுக்குத் தொந்தரவே இல்ல. நீங்களே எழுதி நீங்களே கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது."

இருபத்தாறு வருடத்தில் ஒரு பொய்ச் சாவுகூடத் தான் எழுதியதில்லை என்றார் பதிவாளர்.

"பெருமையான விஷயம் சார். ஆனா சான்றிதழ் இல்லேன்னா, குழந்தை மேடையில நின்னு நான் பொய் சொன்னேன்னு சொல்லணும். நாடே பார்க்கும். எங்களுக்கு நஷ்டம் இல்ல, அதையும் ஜனங்க நல்லாப் பார்ப்பாங்க. குழந்தை பேருதான் கெடும். எங்க நிறுவனத்துக்குக் குழந்தைங்க நலன்தான் முக்கியம், அதனாலதான் உங்களைக் கெஞ்சறேன்."

மகள் அவர் சட்டைக் கையைப் பிடித்தாள். "ஒரு வரிதானேப்பா. அப்புறம் அடிச்சிடலாமே."

வெள்ளிக்கிழமை பதிவாளர் வழக்கம்போல அலுவலகம் போனார். கவுண்டரை மூடிய பிறகு பதிவேட்டைத் திறந்து அடுத்த வெற்று வரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுதினால் இந்த நோட்டில் இதுவரை எழுதிய ஒவ்வொரு வரியும் சந்தேகத்துக்கு உரியதாகிவிடும்; அந்தக் கறுப்பு வரி உட்பட. எழுதாவிட்டால், அந்தக் கறுப்பு வரியில் வந்தவளை நாளைக்கு ஊர் கூடிப் பொய்க்காரி என்று சொல்லும். குடும்ப மானம் என்று அவர் இத்தனை நாள் தூக்கிச் சுமந்தது இரண்டு துண்டாகி, இரண்டும் அவர் முன்னால் கிடந்தன. ஸ்கேலை உள்ளே வைத்தபடியே பதிவேட்டை மூடினார்.

சனிக்கிழமை அவர் 'உண்மை மேடை'யில் ஏறினார். சான்றிதழ் எங்கே என்று தயாரிப்பாளர் ஓரத்திலிருந்து சைகை காட்டினார். பதிவாளர் நடுவரைப் பார்த்துச் சொன்னார்.

"குழந்தை மேல தப்பில்ல. நான் செத்துட்டேன்னு சொல்லச் சொன்னது நான்தான்."

மூன்று தலைமுறையில் அந்த வீட்டிலிருந்து வாசற்படி தாண்டிய முதல் விஷயம் அது. அதுவும் பொய்.

ஏன் அப்படிச் சொல்லச் சொன்னீர்கள் என்று நடுவர் கேட்டார். அதை அவர் யோசித்து வைத்திருக்கவில்லை. பேர் வாங்கவேண்டும் என்றார். அவளுக்கா உங்களுக்கா என்று கேட்டால் அவளுக்கு என்றார், பிறகு எனக்கு என்றார். எப்போது சொன்னீர்கள் என்றதற்கு ஒரு மாதத்தைச் சொல்லி, உடனே வேறொரு மாதத்தைச் சொன்னார். மகளின் வயதைக் கேட்டார்கள். விரல்விட்டு எண்ணினார். அவர் தடுமாறத் தடுமாற அரங்கம் முழுக்க அவரை நம்பியது. பொய் சொல்ல வருகிறவன் தடுமாறமாட்டான் என்ற இருபத்தாறு வருட அனுபவம் அந்த மேடையில் முடிந்துபோயிற்று.

பலகைக்காரன் 'ச்சீ' என்று எழுதிய பலகையைத் தூக்கினான். அதற்கென்று ஒரு பலகை வைத்திருந்தார்கள்.

பதிவாளர் மகளைப் பார்த்தார். மைக் அவள் கையில் இருந்தது. அவளிடம் அவர் எதையும் எதிர்பார்க்கவில்லை என்றுதான் பிறகு தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆனால் பார்த்தார். அவள் உதட்டைக் கடித்தாள். முப்பத்தெட்டாவது விநாடியில் முதல் சொட்டு விழுந்தது. நடுவர் எழுந்து ஓடிவந்து அவளை அணைத்துக்கொண்டு, இனிமேல் உனக்கு நாங்கள்தான் அப்பா என்றார். ஒளிப்பதிவில் நிழல் விழுந்துவிட்டதென்று அதை மூன்று முறை எடுத்தார்கள். மூன்று முறையும் பதிவாளர் தன் பொய்யைச் சொன்னார். மூன்று முறையும் அவளுக்கு முப்பத்தெட்டாவது விநாடியில்தான் விழுந்தது.

அந்த வாரம் நாட்டிலேயே அதிகம் பேர் பார்த்தது அதைத்தான் என்று சொன்னார்கள். அலுவலகத்தில் மேலதிகாரி அவரைக் கூப்பிட்டு, பெற்ற பெண்ணை வைத்துப் பொய் சொன்ன ஒருவர் கையில் ஜனங்கள் தங்கள் சாவைக் கொடுக்கத் தயங்குகிறார்கள் என்று வருத்தத்தோடு சொல்லி, பின்கட்டுப் பதிவறைக்கு மாற்றினார். அங்கே பழைய ஏடுகளுக்கு அட்டை போடும் வேலை. தெருவில் அவரைப் பார்த்துத் தலையசைப்பதை ஜனங்கள் நிறுத்திவிட்டார்கள். மாமியார் இறப்பைப் பதிய வந்த அம்மாள் மட்டும் ஒருநாள் வழியில் நிறுத்தி, "அன்னைக்கு உங்களுக்காக அழுததை நினைச்சா வெட்கமா இருக்கு சார்," என்றாள். பதிவாளர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். வீட்டில் மனைவி உண்மையைச் சொல்லிவிடுவோமே என்று ஒரே ஒரு முறை கேட்டாள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அடுத்த வாரமே மகளை வெளியேற்றிவிட்டார்கள். தாயும் தகப்பனும் நிஜமாகவே இல்லாத ஒரு பிள்ளை புதிதாக வந்திருந்தது. இவளுக்கு இனிச் சொல்வதற்கு எதுவும் பாக்கி இல்லை. அப்பாவும் திரும்பி வந்துவிட்டார், அவர் கெட்டவர் என்பதும் தெரிந்துவிட்டது. ஒரு பெட்டியும், நினைவுப்பரிசாகப் பன்னிரண்டு வெள்ளைக் கைக்குட்டைகளும், மடித்த ஒரு தாளும் கொடுத்து அனுப்பினார்கள். பதிவாளர் தாளைப் பிரித்துப் பார்த்தார். சிவப்பு முத்திரை. 'குரல் நன்று. துயரம் போதவில்லை.'

அவள் மூன்று நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. அதற்காக யாரும் அவளைத் திட்டவும் இல்லை.

நான்காம் நாள் பதிவாளர் மாலை வெயில் இறங்குவதற்குள் வீடு திரும்பினார். பின்கட்டு வேலையில் யாரும் காத்திருப்பதில்லை, சீக்கிரம் முடிந்துவிடும். மனைவி கடைக்குப் போயிருந்தாள். சாமான் அறைக்குள்ளிருந்து சத்தம் கேட்டது. கதவு ஒருக்களித்துச் சாத்தியிருந்தது. உள்ளே பழைய பாய்களுக்கும் அட்டைப்பெட்டிகளுக்கும் நடுவே, ஜன்னலுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து மகள் அழுதுகொண்டிருந்தாள்.

அவர் கண் முதலில் அலமாரித் தட்டுக்குப் போனது. பிறகு பெட்டிகளின் மேலே, ஜன்னல் விளிம்பில், கதவுக்குப் பின்னால். செல்பேசி எங்கேயாவது நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறதா என்று தேடினார். எங்கேயும் இல்லை. தேடியதற்காக அவருக்கு வெட்கமாக இருந்தது.

அவர் வந்தது அவளுக்குத் தெரிந்தது. தலையைத் தூக்கவில்லை.

"அப்பா, நான் சொல்லியிருக்கணும்ப்பா. அந்த வெள்ளிக்கிழமை, மேடையில. மைக் என் கையிலதான் இருந்துச்சு. நான்தான் சொன்னேன், அப்பா சொல்லலன்னு. வாய் வரைக்கும் வந்துச்சுப்பா."

அது சனிக்கிழமை.

உண்மையாகப் பறிகொடுத்தவர்கள் கிழமையை மாற்றிச் சொல்வார்கள் என்பது அவருக்குத் தெரியும். அது அவளுக்கும் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும். எத்தனையோ பேரைக் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் இருந்து பார்த்து, இது மெய், இது பொய் என்று தயங்காமல் பிரித்தவர், சொந்த மகளின் அழுகைக்கு முன்னால் வாசற்படியில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

அவள் விம்மினாள். விம்மும்போது அவள் முகம் மெல்ல இடப்பக்கம் திரும்பியது. ஜன்னல் வெளிச்சம் அந்தப் பக்கம்தான் விழுந்துகொண்டிருந்தது. தான் திரும்பியது அவளுக்கே தெரியுமா என்பதைச் சொல்ல முடியவில்லை.

பதிவாளர் கிழமையைத் திருத்தவில்லை. உள்ளே போய், பாய்களை ஒதுக்கிவிட்டு, அவளுக்கு வலப்பக்கத்தில், வெளிச்சம் விழாத இடமாகப் பார்த்து உட்கார்ந்தார்.